நம்ம பிள்ளை

"கையை எடு சுண்டு. கத்தரி பட்டுடும்."

"வெட்டாதம்மா. இருக்கட்டும்."

சட்டையின் இரண்டாவது பட்டனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள் சுண்டு. மூன்றாம் வகுப்பிலேயே சின்ன உருவம். விரலிடுக்கில் சிவப்பு நூல் தெரிந்தது. பட்டனைச் சுற்றி இறுக்கிக் கட்டிய முடிச்சு.

கத்தரி பிடித்த அம்மாவின் கை பாதியில் நின்றது. பாதிப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்த கை.

சிவப்பு நூல், ஒட்டடை என்கிற ரவுடியின் பாலத்தடிக் கூட்டத்துக்கு அடையாளம். பள்ளி வாசலில் கொஞ்ச நாளாக இதே பேச்சுதான். முதலில் மிட்டாய் கொடுப்பார்களாம். அப்புறம், 'இந்தப் பொட்டலத்தை அந்த சைக்கிள் கடையில கொடுத்துட்டு வா' என்பார்களாம். மாட்டேன் என்ற நாலாம் வகுப்புப் பையன் கையில் மாவுக்கட்டோடு வருகிறான். படியில் விழுந்தேன் என்றுதான் இன்னும் சொல்கிறான்.

"யாருடி கட்டினது?"

"ஒட்டடை அண்ணன்."

"அண்ணனாம் அண்ணன்! என்ன சொன்னான்?"

"'இது நம்ம பிள்ளை, இனிமே ஒருத்தனும் தொட மாட்டான்'னு சொன்னாரு."

"கையில ஏதாவது கொடுத்தானா?"

"இல்லம்மா."

அம்மா புத்தகப் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். பென்சில், கடித்த ரப்பர், மூடி தொலைந்த தண்ணீர் பாட்டில். வேறு எதுவும் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. ஒன்றும் வாங்காமலா நூல் கட்டுவான்?

"அப்பா வரட்டும், சொல்றேன்."

"வேண்டாம்மா!" சுண்டுவின் உதடு பிதுங்கியது. "சொல்லாதம்மா!"

அம்மாவுக்கும் அது சரியென்று பட்டது. புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முன்கோபி. நேரே போய் ஒட்டடையின் சட்டையைப் பிடித்துவிட்டால், அப்புறம் இவர் கைக்கும் மாவுக்கட்டுதான். கை மட்டும் என்றால் பரவாயில்லை.

நூலை வெட்டிக் குப்பையில் போட்டாள். பிறகு குப்பையிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டாள்.

சாயங்காலம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மருந்துக்கடைக்காரர்தான் தலைவர். ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். யாரும் ஒட்டடை என்ற பேரைச் சொல்லவில்லை. ஜன்னலை வேறு சாத்தச் சொன்னார்கள்.

அப்போது அவள் புருஷன் எழுந்தார்.

"பெத்தவனுக்குத் தெரியாம பிள்ளை சட்டையில நூல் ஏறுமா? சிவப்பு நூலோட எந்தப் பிள்ளை வந்தாலும் என் வண்டியில ஏத்த மாட்டேன். அந்த அப்பனைத்தான் முதல்ல உள்ள தூக்கிப் போடணும்!"

கைதட்டல். "டிரைவர் ஒருத்தருக்குத்தான்யா தைரியம் இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

கடைசி பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் சாய்ந்திருந்த சுண்டுவின் சட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சுண்டு பக்கத்து வீட்டுக்கு விளையாட ஓடினாள். அவள் கழற்றிப் போட்ட சட்டையை அவர் எடுத்து மடித்தார். எந்த நாளும் செய்யாத வேலை. மடித்த விரல் இரண்டாவது பட்டனில் நின்றது.

"நூல் எங்க?"

"எந்த நூல்?" என்றாள் அவள்.

அவர் மடித்த சட்டையை மறுபடியும் விரித்தார்.

"'எங்க பிள்ளை'ன்னு ஒட்டடை சொல்லலை. 'நம்ம பிள்ளை'ன்னு சொன்னானாம். எதிர்ல ஒரு ஆள் நிக்காம யாருங்க 'நம்ம'ன்னு சொல்லுவா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்னை என்னடி பண்ணச் சொல்றே? அந்தப் பையன் கையைப் பார்த்தேல்ல? நானேதான் போய்க் கேட்டேன். என் பிள்ளையைத் தொடாதேன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

"சும்மாவா கட்டினான்?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வண்டியில ஒரு பை வச்சிருப்பான். அதை ஸ்கூல் தாண்டி இறக்கிடணும். ஸ்கூல் வண்டியை எந்தப் போலீசும் நிறுத்த மாட்டான். ஒரு தடவை ஆச்சு. நாளைக்கு இன்னொரு தடவை. அதோட விட்டுடுவான்."

"பையில என்ன?"

"பார்க்கலை."

"எங்க வைக்கிறான்?"

"பின்சீட்டுக்கு அடியில. ஓரத்துல."

"அங்க யாரு உக்காருவா?"

அவர் பட்டனையே திருகிக்கொண்டிருந்தார்.

"மருந்துக்கடைக்காரர் பொண்ணு" என்றார். "நம்ம சுண்டு எப்பவும் முன்னாலதான். என் பக்கத்துலதான். அதெல்லாம் யோசிக்காம இருப்பேனா?"

அவள் எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

காலையில் வேன் வாசலில் வந்து நின்றது. உள்ளே ஒரே கூச்சல். பின்சீட்டு ஓரத்தில் மருந்துக்கடைக்காரர் மகள், இரண்டு பல் விழுந்த வாயால் பாடிக்கொண்டிருந்தாள். அவள் கால் எட்டாமல் ஆடியது. ஆடும்போதெல்லாம் குதிகால் எதிலோ மெத்தென்று இடித்தது.

சுண்டு வழக்கம்போல முன்கதவுக்கு ஓடினாள்.

"இரு கண்ணு" என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள். பின்கதவைத் திறந்தாள். மருந்துக்கடைக்காரர் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் சுண்டுவை உட்காரவைத்து, சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"எனக்கு இன்னிக்கு முன்சீட்டா ஆன்ட்டி?"

"ஆமாடி செல்லம்."

முன்சீட்டில் அந்தப் பெண் குதித்து உட்கார்ந்தாள். "போலாம் ரைட்!" என்றாள். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

தெருமுனையில் ஒட்டடை மோட்டார் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

கதவைச் சாத்திவிட்டு அவள் நடைபாதையிலேயே நின்றாள்.

அவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். சுண்டுவின் கால் இப்போதுதான் ஆட ஆரம்பித்திருந்தது.

சாவியைத் திருகி என்ஜினை அணைத்தார்.