முந்திக்கொண்ட பேச்சு

மேனேஜர் மத்தியானத்திலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தார். அவர்கள் கம்பெனி ஆப்பில் வீடியோ கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடியது. போனிலோ பேச்சு முந்திக்கொண்டு வந்தது. உதடு சாவகாசமாகப் பின்னால் அசைந்தது. நாளைக்கு வாடிக்கையாளர் பார்க்க வருகிறார்.

"கோளாறு நம்மகிட்ட இல்ல சார்," என்றான் புரோகிராமர். "வீடியோ ஓட்டுறதுக்கு நெட்ல இலவசமா கிடைக்கிற ஒரு ரெடிமேட் புரோகிராம், லைப்ரரின்னு சொல்வாங்க, எடுத்துப் போட்டிருக்கோமே, அதுலதான்."

"அதைப் பாத்துக்கிறவனுக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியும் சார். ஒத்தை ஆளு. ஒரு கம்பெனில வேலை பாத்துட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் இதைத் தொடுவாரு."

"தொட வேண்டியதுதானே? இலவசமா குடுக்கிறவனுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?"

"அவரோட மேனேஜர் விட மாட்டேங்கிறாரு சார். கிளம்புற நேரம் பாத்து மீட்டிங் போடுறாரு."

மேனேஜருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"மனுஷனா அவன்? ஊர் உலகமே அந்தாளை நம்பி இருக்கு, இவன் மீட்டிங் போட்டு உசுரை வாங்குறானா? நானா இருந்தா, முதல்ல வீட்டுக்குப் போய் அதைப் பாருய்யான்னு அனுப்பி வெச்சிருப்பேன்!"

"ரொம்ப நன்றி சார்," என்று புரோகிராமர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"எங்கப்பா கிளம்பிட்ட? ஆறு மணிக்கு மீட்டிங் இருக்கே!"

"வீட்டுக்கு சார். அந்தக் கோளாறைச் சரி பண்ண."