செங்குளக்கரையில் ஓராண்டு

செங்குளக்கரை வீடுகளை அகற்றலாமா என்று வாக்களிக்கும் முன், நகர ஆலோசனைக் குழு உறுப்பினர்கள் அங்கே ஓராண்டு வாழ்ந்தாக வேண்டும் என்பது விதி. பயிற்சி அறையின் சாய்வு நாற்காலியில் அந்த ஓராண்டு இருபது நிமிடக் கனவாக முடிந்துவிடும்.

மருந்துக்கடை நடத்தும் பூங்கோதை கண் விழித்தபோது, அறையின் சுவரில் குளத்து வெளிச்சம் இன்னும் அசைந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது.

கூட்டம் தொடங்கியதும் செயலாளர் வழக்கம்போல் கேட்டார். "செங்குளக்கரையில சொந்த வீடு இருக்கறவங்க ஓட்டுப் போடக் கூடாது. மிச்சப் பேர் ஓட்டு செல்லும். யாருக்காவது இருக்கா?"

பூங்கோதைக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கு இருக்கு சார். நீலக் கதவு போட்ட வீடு."

"மேடம், அது பயிற்சி."

"தெரியும் சார். ஆனா வாசல் முருங்கை நான் வச்சது. இப்பத்தான் பூ விட்டிருக்கு."

அவள் எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே ஒவ்வொருவராக ஐந்து பேர் வந்தார்கள். உள்ளே மிஞ்சியவர் தணிகாசலம் ஒருவர்தான். நாற்காலியில் தனக்கு நல்ல தூக்கம், கனவு ஒன்றும் வரவில்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

தாழ்வாரத்து ஜன்னலில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆறு பேரில் ஒருவரான ஓய்வுபெற்ற நீதிபதி பதறினார்.

"ஐயோ, மழை வருதே. கொடியில கிடந்த துணியை எடுத்தீங்களாம்மா?"

"நீங்க எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் பூங்கோதை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அகற்றலாம் என்று ஒரே ஒரு கை உயர்ந்தது.