எது அதிகம் உறுமும்?

"மஸ்டாங்கா, கமாரோவா? நீங்களே சொல்லுங்கோ மன்னி!" முகுந்தன் இரண்டு கார்களின் படங்களையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினான். மொன்றியலில் வேலை கிடைத்ததிலிருந்து அவனுக்கு அண்ணன் வீட்டில்தான் ஜாகை.

அனுசூயா படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். "எது சத்தம் ஜாஸ்தி?"

"ஓட்டிப் பார்த்ததுல கமாரோதான். தெருமுனையில திரும்பறச்சேயே இந்த மூணாவது மாடிக்குக் கேட்கும். மஸ்டாங் கொஞ்சம் சாது."

"அப்போ கமாரோவே வாங்கு."

"வேகம், விலை ஒண்ணுமே கேட்கலையே மன்னி?"

"உறுமினாத்தான் காருக்கு அழகு!"

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஆனந்தகிருஷ்ணனும், "மன்னி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். அண்ணன் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது முகுந்தனுக்கே ஆச்சரியம்.

கமாரோ வந்த முதல் சனிக்கிழமை. தெருமுனையில் உறுமல் கேட்டதும், வெளியே கொட்டும் பனியையும் பாராமல் அனுசூயா ஜன்னலை அகலத் திறந்தாள்.

"உங்க தம்பி வந்தாச்சு, சீக்கிரம் முழுங்குங்கோ! அவன் மூக்குல வாசனை ஏறித்துன்னா கும்பகோணத்துக்குக் கடுதாசி பறக்கும். உங்கம்மா நம்மளத் தலைமுழுகிடுவா!"

ஆனந்தகிருஷ்ணன் தலையாட்டினார். வாய் நிறைய ஆம்லெட்.