போண்டாக் கடை வாசலில் அவிழ்ந்த லேஸ்

"இதயம் ரொம்பக் கஷ்டப்படுது, தினமும் நடங்க" என்று டாக்டர் சொன்ன அன்றே தெய்வசிகாமணி அந்த ஜோடி ஷூக்களை வாங்கிவிட்டார். வலது ஷூவுக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் பூங்காவை நாலு சுற்று சுற்றுவதும் உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் நடை முடிந்ததும் மனுஷர் நேரே போண்டாக் கடைக்குப் போய், "அதான் நடந்தாச்சே!" என்று நாலு போண்டாவை உள்ளே தள்ளுவார்.

"சுற்றுக்கு ஒரு போண்டாவா? இவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்று வலது புலம்பியது.

"பேசாம இரு, நான் பார்த்துக்கறேன்" என்றது இடது.

மறுநாள் கடை வாசலில் இடது தன் லேஸை அவிழ்த்துவிட்டது. தெய்வசிகாமணி குனிந்தார். தொப்பை இடித்தது, மூச்சு வாங்கியது, லேஸ் கைக்கு எட்டவே இல்லை. கடைசியில் கடைக்காரரே மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிவிட்டார். கூட நடக்கிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று அவருக்குப் போண்டா இறங்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் கடைப்பக்கம் திரும்பாமல் இன்னொரு சுற்று நடந்தார்.

மூன்று மாதம் கழித்து, வீட்டுக்குப் போகிற வழியில் கடையைத் தாண்டும்போது, அதே இடத்தில் இடதின் லேஸ் மறுபடியும் அவிழ்ந்தது.

"ஏய், இப்ப எதுக்கு? அவர்தான் கடைக்கே போறதில்லையே!" என்று வலது பதறியது.

"சும்மா பாரேன்."

தெய்வசிகாமணி ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடியே குனிந்து, முடிச்சுப் போட்டு, நிமிர்ந்தார். பாட்டு நடுவில் அறுபடவே இல்லை.

வலது ஷூ ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு தன் லேஸையும் மெதுவாக அவிழ்த்துவிட்டது.