அலிப்பூர் புலி

"மாப்பிள்ளைகிட்ட நான் தனியாப் பேசோணும்."

கேசரித் தட்டைக் கீழே வைத்த கையோடு தேவிப்ரியா இப்படிச் சொன்னதும் கூடத்தில் எல்லோருடைய ஸ்பூனும் நின்றது. சாந்த்ராகாச்சியில் பஸ் ஏறியதிலிருந்து கல்கத்தாவுக்குள் நுழையும் ஆற்றுப் பாலம் தாண்டும்வரை அம்மா அருக்காணி காதில் ஓதிக்கொண்டே வந்தது இதைத்தான்: "கண்ணு, தனியாப் பேசோணும்னு மட்டும் கேட்டுப்போடாதே. வேலைக்குப் போறதையும் சொல்லீராதே. கேட்டா, டிகிரி முடிச்சுப்போட்டு வூட்டுல இருக்கறேன்னு சொல்லு."

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதுதான் வழக்கம். ஆனால் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ் வரை வர மாப்பிள்ளையின் அம்மா தமயந்திக்கு முட்டிவலி. அதனால் பெண்ணே லேக் மார்க்கெட் வீட்டுக்கு வந்து தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. குடும்பத்தின் முதல் பட்டதாரி, பார்சல் மாதிரி வந்து இறங்கியிருக்கிறாள்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா சிவலிங்கத்துக்கு அந்த எரிச்சலெல்லாம் இல்லை. யார்டில் ராத்திரி ஷிப்ட் முடித்து, குளித்த ஈரம் காயாமல் வந்தவர், மெத்தை சோபாவில் சுகமாகப் புதைந்திருந்தார்.

"பேசட்டுமே, இந்தக் காலத்துப் பிள்ளைக," என்று தமயந்தி பல்லால் மட்டும் சிரித்தாள்.

இன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும். நல்ல இடம், விட்டால் போச்சு என்பது அம்மாவின் நினைப்பு. பொய் பேசாத ஆளாக இருந்தால் சரி என்று சொல்லிவிடலாம் என்பது தேவிப்ரியாவின் நினைப்பு.

மாப்பிள்ளை ராகுலின் அறையில் பெரிய கம்ப்யூட்டர் இருந்தது.

"நீங்க கேம் பண்றதா புரோக்கர் சொன்னாருங்க. எந்த கேமு?"

அவன் முகம் மலர்ந்தது. பரபரவென்று சிடியைப் போட்டான். "திருடன் கேம். அஞ்சாவது லெவலை மட்டும் பாருங்க. பாழடைஞ்ச ஜமீன்தார் வீடு. கல்கத்தாவுல பாதிப் பசங்க இதைத் தாண்டல. அரே பாபா, அவ்வளவு பயம்!"

"நீங்களா பண்ணுனீங்க?"

"ஃபுல்லா நான்தான்."

"கேமுல எங்கயும் உங்க பேரையே காணோமே?"

"யார் பேரும் போட மாட்டாங்க. கம்பெனி ரூல்."

"அநியாயமுங்க," என்றாள், நிஜமான கோபத்தோடு. "செரி, இதுல பயப்பட என்ன இருக்குது?"

"இருட்டு!"

"முன்னாடி லெவல்லயெல்லாம் இருட்டுத்தானுங்க. காவக்காரன் கண்ணுல படாம இருட்டுல ஒளிஞ்சுதான் திருடனே பொழைக்கறான். இருட்டு நம்ம கட்சி."

"அப்போ... பேய்?"

"இந்த வூட்டுல பேய் எங்கீங்க இருக்குது?"

ராகுல் திரையில் தேடினான். உண்மையிலேயே தேடினான்.

"மத்த லெவல்ல காவக்காரன் இருமுவான், பாட்டுப் பாடுவான். எங்க நிக்கறான்னு தெரிஞ்சுபோயிரும். இங்க ஒருத்தனும் இல்ல. ஒளியலாம்னு இருட்டுக்குள்ள போனா, அங்க நமக்கு முன்னாடியே யாரோ இருக்கறாங்க. மூச்சு மட்டும் கேக்குது."

சொல்லிக்கொண்டே திருடனை மாடிப்படிக்கு அடியில் நகர்த்தினாள். ஸ்பீக்கரில் பாறாங்கல்லை இழுப்பது போல ஒரு சத்தம்.

"க்ர்ர்ர்ர்..."

சட்டென்று நின்றது. ஒன்றுமே இல்லை. ராகுல் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டான்.

"ஃபுய்ய்ய்..."

தலையணையைக் கட்டிக்கொண்டான். தேவிப்ரியாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனுக்கும் தொற்றிக்கொள்ள, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"அந்த நின்னுபோற இடந்தானுங்க விஷயம். சத்தத்துக்கு யாரும் பயப்படறதில்ல. அடுத்த மூச்சு வருமா வராதான்னு காத்துக் கெடக்கறோம் பாருங்க, அதுக்குத்தான்."

"தாருண்!" என்று வங்காளிபோலவே மேஜையைத் தட்டினான் அவன். "பிரமாதம்! எவ்வளவு அழகா சொல்றீங்க!"

சிரிக்கும்போது நல்ல பையனாகத்தான் தெரிந்தான். பார்க்கலாம், இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம்.

"அந்தச் சத்தத்தை எப்படிங்க பிடிச்சீங்க? நெசமாச் சொல்லுங்க."

ராகுல் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. அலிப்பூர் ஜூ. புலி தூங்கறப்போ கூண்டுக்குள்ள கையை விட்டு மைக்கை வெச்சேன்."

"கையை விட்டா?"

"ரெண்டு கையையும்!"

தேவிப்ரியா எழுந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. கீழே டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"க்ர்ர்ர்ர்..."

ராகுல் திரையைப் பார்த்தான். அவள் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான். சத்தம் நின்றது. அவன் கட்டில்மேல் ஏறியிருந்தான்.

"ஃபுய்ய்ய்..."

"அம்மா!" என்று அலறினான்.

தேவிப்ரியா கதவை விரியத் திறந்தாள். கூடத்து சோபாவில், மடியில் கேசரித் தட்டோடு, வாயைப் பிளந்தபடி சிவலிங்கம் தூங்கிக்கொண்டிருந்தார்.

"உங்க புலி இங்க இருக்குதுங்க," என்றாள் செருப்பை மாட்டியபடி. "உங்க கம்பெனி விக்கற அந்த கேமைப் பண்றது பவானிபூர்ல எங்க ஆபீசு, அஞ்சாவது லெவலைப் பண்ணுனது நானு. எங்கப்பா தலைமாட்டுல மைக்கை வெக்கறதுக்கு ஒரு கை போதுமுங்க... அப்பா, எந்திரிங்க, போலாம்."