ஒரு முழுக்கு

ஆரணி ஊர்க்குளத்தின் பச்சைத் தண்ணீர் வெயிலில் கொதிக்கிறது. படியெல்லாம் எள்ளும் பூவும் சிதறிக் கிடக்கின்றன. இன்று கனிமொழிக்குக் கருமாதி. அவள் அப்பா வேடியப்பன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரு கைகளையும் நீட்டுகிறார். "கொயந்தையக் குடுங்க மாப்ள. தாய்க்கு ஒரு முழுக்கு போடட்டும். ஜல்தி, வெயில் ஏறிகினு இருக்குது." தென்னரசு மகளை மார்போடு இறுக்கிக்கொள்கிறான். ஆடித் திருவிழாவுக்குக் கனிமொழி முங்கியதும் இந்தத் தண்ணீரில்தான். மூக்கு வழியே ஏறிய அமீபா அவள் மூளையைத் தின்றுவிட்டது. "ஊரே முங்குது, ஒரு முழுக்குல இன்னா ஆயிடும்?" என்கிறாள் படியில் துணி பிழியும் கனிமொழியின் பெரியம்மா. தென்னரசு மாமனாரையே பார்க்கிறான். "கொளத்துல எறங்கினாங்களான்னு வேலூர் டாக்டர் கேட்டப்போ, எங்க வூட்டுப் பொண்ணு கொளத்துப் பக்கமே போவாதுன்னு சொன்னது யாரு மாமா? நான் வந்து உண்மையச் சொன்னப்புறம்தான் அமீபாவுக்கான மருந்தையே ஏத்தினாங்க. அதுக்குள்ள அவளுக்கு நெனவே போயிடுச்சு." வேடியப்பனின் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. "பொம்பளப் புள்ள கொளத்துல குளிச்சிதுன்னு வெளியூர் ஆஸ்பத்திரில நாலு பேர் எதிர்ல எப்டி சொல்றது? மானத்துக்குச் சொன்னேன்." நீட்டிய கைகள் இன்னும் இறங்கவில்லை. "அந்த மானத்த வெச்சிகினு நீங்களே முங்குங்க." குழந்தையின் மூக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவன் படியேறுகிறான். தெருவுக்கு வந்த பிறகும் கையை எடுக்கவில்லை.