முதல் பரிசுக் கட்டடம்

“ஏய் ஜமுனா, ஆபீசரு போட்டுல ஏறிட்டாராம்டி! பாதியில திரும்பிடப் போறாரு!”

“பரிசு குடுக்க வர்றவரு எதுக்குக்கா திரும்பப் போறாரு?” என்றாள் ஜமுனா.

பழவேற்காடு ஏரித் தீவொன்றில் மீனவ மகளிர் சங்கத்துக்கு அவள் செயலாளர். கத்தியவள் தலைவி திரௌபதி. அதிகாரி ஒருவர் சங்கக் கட்டடத்தை நேரில் பார்த்து, பார்த்தேன் என்று கைப்பட எழுதித் தர வேண்டும். அந்த ஒரு வரி கிடைத்தால், வந்த இறாலை மதியத்துக்குள் பாதி விலைக்குத் தள்ளிவிடும் பாடு தீரும். தேதியும் எண்ணும் போட்டு நாற்பத்தோரு கடிதம் எழுதிவிட்டாள். ஒருவரும் படகு ஏறவில்லை.

அப்போதுதான் பட்டணத்துச் சட்டம் இந்தப் பக்கமும் வந்தது. பொதுக் கட்டடம் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவழிக்கிறது என்று தெரிவித்தாக வேண்டும். வந்த படிவத்தை ஜமுனா உள்ளது உள்ளபடி நிரப்பி அனுப்பினாள். மாவட்டத்திலேயே குறைந்த செலவு, முதல் பரிசு!

அதிகாரி விஜயராகவன் பரிசு போர்டைக் கக்கத்தில் இடுக்கி, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். கட்டடத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தார்.

“கம்ப்யூட்டர் போட்ட வரிசைம்மா, நாங்க கணக்குல கையே வைக்கல. எட்டு ஜன்னல், ஏரிக்காத்து! எங்க ஆபீஸ்ல பட்டப்பகல்ல நாப்பது லைட் எரியுது.”

“அதையும் போர்டுல எழுதி மாட்டுவீங்களா சார்?” என்றாள் திரௌபதி. கூடியிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“அது சரி, இன்னா ரகசியம்? நானும் தெரிஞ்சுக்கறேன்.”

“வெளிச்சம் இருக்கும்போதே வேலைய முடிச்சுடுவோம் சார்” என்ற ஜமுனா, பார்வையாளர் நோட்டை நீட்டினாள். “பார்த்ததை உங்க கையால எழுதுங்க சார். தேதி, சீலு எல்லாம் வேணும்.”

அவர் தாராளமாக எழுதினார்: ‘எல்லா அறைகளையும் நேரில் ஆய்வு செய்தேன். இவர்கள் தெரிவித்துள்ள மின்சாரக் கணக்கு முற்றிலும் உண்மை.’ கீழே கையெழுத்து, முத்திரை.

ஜமுனா இரண்டு முறை படித்தாள். மை காயும்வரை ஊதினாள். நோட்டைத் திரௌபதியின் கையில் கொடுத்தாள். “பத்திரம்க்கா.”

“சரிம்மா, எல்லாரும் நில்லுங்க, ஒரு போட்டோ. மேகம் மூடிடுச்சு, உள்ள இருட்டா இருக்கு, லைட்டைப் போடுங்க” என்றார் விஜயராகவன்.

ஜமுனா வாய்விட்டுச் சிரித்தாள்.

“எந்த லைட்டை சார்? இந்தக் கட்டடத்துக்கு லைன் குடுத்தாச்சுன்னு பதினோரு வருஷமா கரண்டாபீசு ஃபைல்ல எழுதி வச்சிருக்காங்க. கம்பியே வரல, இறாலை வைக்க ஐஸ்பெட்டி ஓட வழியில்ல, நாங்க எழுதின கணக்கு சைபரு. அது முற்றிலும் உண்மைன்னு இப்பதான் நீங்க சீல் போட்டுக் குடுத்தீங்க!”